நாகூம் நான்காம் அதிகாரம்

உடையப்பன் இலங்கை ஜெயிலிலிருந்து ஊர் வந்துவிட்டான் என்ற செய்தி மத்தியானம் இறால் கொட்டகைக்கு எட்டியபோது, ஞானமணி மூன்றாவது கூடையைத் தார்ப்பாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கூடை கையிலேயே நின்றுவிட்டது.

மாசி பிறந்தும் ஜெகதாப்பட்டினத்தில் பனி விடவில்லை. விடியற்காலையில் கரை சேர்ந்த படகுகளின் இறால் ஐஸோடு குவிந்து கிடந்தது. இருட்டுவதற்குள் தலையைக் கிள்ளி எடைக்கு அனுப்ப வேண்டும். கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீரென்று மண்டைக்கு ஏறும். எதிரே ராபியா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக ஒரே தார்ப்பாயில் எதிரெதிரே உட்காரும் இந்த இரண்டு பேரும் வாரத்தில் நாலு நாள் சண்டை போடுவார்கள், ஏழு நாளும் சோற்றைப் பகிர்ந்து தின்பார்கள்.

"உடையப்பனா? அவனும் ரெண்டாவது தடவ பிடிபட்டவந்தானே?" என்றாள் ராபியா.

ஞானமணி கூடையைக் கீழே வைத்தாள். எல்லை தாண்டினார்கள் என்று டிசம்பரில் இலங்கைக் கடற்படை இரண்டு விசைப்படகுகளைப் பிடித்தது. ஒன்றின் டிரைவர் உடையப்பன். இன்னொன்றின் டிரைவர் அவள் புருஷன் எலியேசர். கூடப் போனவர்களை ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். டிரைவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர்கள் என்பதால் ஆளுக்கு ஒரு வருஷம் தண்டனை போட்டுவிட்டார்கள். ஒரே கோர்ட்டு, ஒரே தீர்ப்பு. அதில் ஒருவன் வந்துவிட்டான், ஒருவன் வரவில்லை.

"அவன் பொண்டாட்டி சனவரியிலயே விடுதலை மனுவுல கையெழுத்துப் போட்டா. நீயும் போட்டிருந்தா..." என்று தொடங்கிய ராபியா, ஞானமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு இறாலைக் கிள்ளத் தொடங்கினாள்.

உடையப்பன் நேரே கொட்டகைக்கே வந்துவிட்டான். ஆள் பாதியாகியிருந்தான். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் பை.

"மதினி, மொதல்ல ஒங்களத்தான் பாக்கணும்னு வந்தேன். வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு."

"அவரு எப்படி இருக்காரு?"

உடையப்பன் வாசலைப் பார்த்தான், தார்ப்பாயைப் பார்த்தான், கடைசியில் தன் காலைப் பார்த்தான். "கால்ல புண்ணு இருந்துச்சுல்ல மதினி. சுகர் ஏறிப் போச்சு. அங்க டாக்டரெல்லாம் நல்லாத்தான் பாத்தாங்க. பெருவிரல எடுத்துட்டாங்க. இடது காலு."

ஞானமணி எழுந்தாள். மடியிலிருந்த இறால் தலைகள் உதிர்ந்து விழுந்தன.

"எடுத்துட்டாங்கன்னா?"

"வெட்டிட்டாங்க மதினி. பத்து நாளாச்சு. ஒங்ககிட்ட போன்ல சொல்ல வேணாம்னுட்டாரு. இன்னொன்னும் கேட்டாரு. எனக்குக் காகிதம் வந்துச்சு, அவருக்கு ஏன் வரலன்னு தெனமும் கேட்டாரு. வீட்டுல எல்லாரும் சொகமாத்தானே இருக்காங்கன்னு எங்கிட்டயே கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்றது?"

வெறுமனே நின்றவளிடம் அவன் பையை நீட்டினான். உள்ளே எலியேசரின் வேதாகமம். படகுக்குக் கொண்டுபோவதற்கென்று மஞ்சள் உறையில் வைத்திருப்பான். படகு போனது, வலை போனது, மீன் போனது, இது மட்டும் அவன் கையோடு ஜெயிலுக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. பென்சில் எழுத்து, அவன் கையெழுத்துத்தான்.

"மணி, நீ போனில் சொன்ன வாக்குத்தத்த வசனத்தைத் தேடினேன். என் புத்தகத்தில் நாகூமுக்கு மூணு அதிகாரம்தான் இருக்கு. கடல்தண்ணி பட்டு ஏடு போயிருக்கும்போல. உடையப்பனிடம் கொடுத்துவிடுகிறேன். நாலாம் அதிகாரத்தைச் சேர்த்து ஒட்டி அனுப்பு. அதைப் படித்துக்கொண்டிருந்தால் வலி தெரியாது."

ஞானமணி இரண்டு தரம் படித்தாள்.

புத்தாண்டு ஆராதனையில் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஜெபித்துக் கொடுப்பார் பாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவரவருக்குச் சொன்ன வார்த்தை. பீரோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள், பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். புருஷன் ஜெயிலில் கிடக்க, பதினெட்டு நாள் சோறு இறங்காமல் போய் நின்ற ஞானமணியின் கையில் வந்த அட்டையில் இப்படி இருந்தது: 'கடலுக்கு அப்பால் கட்டுண்டிருக்கிறவனை நான் திருப்பிக் கொண்டுவருவேன், நீயோ உன் கையை நீட்டாமல் உன் வீட்டில் அமர்ந்திரு. நாகூம் 4:6.'

அன்றைக்கு அவள் அழுத அழுகையில் சபையே அழுதது. அவளுக்கென்றே எழுதிவைத்ததுபோல் ஒரு வசனம்! அதை ஏன் தேடிப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். அவளிடம் இருந்தது புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் உள்ள சின்னப் புத்தகம். முழு வேதம் புருஷனோடு கடலுக்குப் போயிருந்தது. பாஸ்டர் கையால் வாங்கியதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சரிபார்க்க எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்? கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"ராபியா, இங்க பாரு. ஏடு கிழிஞ்சிருக்கா?"

ராபியா கையை முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். பிறகும் புத்தகத்தைத் தொடவில்லை. "நான் தொடல, நீயே புரட்டு. அடியில பக்க நம்பர் இருக்கும்ல, அதப் பாரு" என்றாள்.

பழைய ஏற்பாட்டில் நாகூம் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் ஒரு பக்கத்தின் நடுவில் முடிந்தது. அதே பக்கத்தில், அதற்குக் கீழேயே, ஆபகூக் என்று தடித்த எழுத்தில் அடுத்த ஆகமம் தொடங்கியது. இடையில் ஏடு போவதற்கு இடமே இல்லை. கடல்தண்ணீர் என்ன, கப்பலே கவிழ்ந்தாலும் அங்கே ஒரு அதிகாரம் தொலைந்திருக்க முடியாது.

"அப்ப நாலாவது?" என்றாள் ராபியா.

"இல்ல."

"இல்லேன்னா?"

"இல்லடி! நாலுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது!"

கொட்டகை முழுதும் திரும்பிப் பார்த்தது. ராபியா தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் கேட்டவளுக்கு அறைந்தமாதிரி இருந்தது. "எங்க வேதத்துல ஒரு எழுத்து மாறுனாலும் ஓதுற புள்ளைகளே நிப்பாட்டிப்புடும் மணி. நீங்க பாக்காமலா கண்ணுல ஒத்திக்கிட்டீங்க?"

உடையப்பனுக்கு இதெல்லாம் புரியவில்லை. அவன் சொல்லவந்ததை அவசரமாகச் சொன்னான். "மதினி, அங்க இருக்க வக்கீலு சொல்லிவிட்டாரு. அண்ணனுக்கு இன்னும் ஒரு வழி இருக்காம். ஒடம்பு முடியாதவருன்னு மேல்கோர்ட்டுல மனுக் குடுக்கலாம். நாளைக்குக் காலைல கோர்ட்டு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒங்க கையெழுத்துப் போட்ட மனுவும் சுகர் சீட்டும் மெயில்ல போய்ச் சேரணும். தவறுனா கோர்ட்டு லீவு, ரெண்டு மாசம் ஆகும். ரெண்டு மாசம் அந்தக் காலு தாங்காது மதினி. நாகராசு அண்ணே விசைப்படகுச் சங்கத்துல ஒங்களுக்காகத்தான் ஒக்காந்திருக்காரு."

சுகர் சீட்டு. எலியேசரின் ஆஸ்பத்திரிக் காகிதம் மொத்தமும், நாகராசு சனவரியில் கொடுத்துவிட்டுப் போன மனுப் படிவத்தோடு, சபையில் ஜெபப்பெட்டிக்குள் கிடந்தது. வேலைக்குப் போடும் விண்ணப்பம், நிலப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட்டு, எதுவானாலும் அந்தப் பெட்டியில் வைத்து ஜெபிப்பது இவர்கள் வழக்கம். ஒரு மாதத்துக்கு மேலாக ஜெபித்தார்கள், நன்றாகத்தான் ஜெபித்தார்கள். காகிதம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அவள் கை கழுவவில்லை. இறால் கவிச்சியோடு, வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். "வீட்டுக்குப் போயி அட்டைய எடுத்துக்கிட்டுப் போ! இல்லேன்னா அப்படி ஒண்ணு நான் குடுக்கவே இல்லம்பாக!" என்று ராபியா பின்னாலேயே கத்தினாள். அதுவும் சரிதான் என்று பட்டது. பீரோ கண்ணாடியிலிருந்து அட்டையைப் பிய்த்தபோது ஒட்டிய டேப் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

சபை என்பது கருவாடு காயவைக்கும் திடலுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபம். பாயில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் ஆரோன் கண்ணை மூடி நின்றிருந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், வந்து நாலு வருஷமாகிறது. கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாருக்குப் பிரசவவலி என்றாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய பைக்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஞானமணிக்குக் கோபம் இவ்வளவு வந்திருக்காது.

"பாஸ்டர், நாகூமுக்கு எத்தன அதிகாரம்?"

ஜெபம் பாதியில் நின்றது. ஆரோன் கண்ணைத் திறந்தார். "ஸ்தோத்திரம் சிஸ்டர். என்ன கேட்டீங்க?"

"நாகூம். எத்தன அதிகாரம்?"

"மூணு" என்றார் அவர், யோசிக்காமல்.

தெரிந்திருக்கிறது! வேதாகமக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்ட மாத்திரத்தில் வாயில் வருகிறது. அவள் அட்டையை நீட்டினாள். "அப்ப இந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?"

ஆரோன் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்னால் சபையின் பெயரும் அவர் போட்டோவும் இருந்தன. "பிரிண்டிங்குல நம்பர் மாறியிருக்கும் சிஸ்டர்..."

"நம்பர் மாறுனா வசனம் வேற எங்கயாச்சும் இருக்கணும்ல? இந்தா இருக்கு முழு வேதம். தேடிக் குடுங்க. அவரு ஜெயில்ல ஒக்காந்து தேடிட்டாரு. கெடைக்கலன்னதும் ஏடு கிழிஞ்சிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டாரு. பொய்யா இருக்கும்னு அந்த மனுசனுக்குத் தோணவே இல்ல."

பாஸ்டர் வேதாகமத்தை வாங்கவில்லை. பாயிலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏஐ-ல கேட்டேன் சிஸ்டர்" என்றார் கடைசியில்.

"யாருகிட்ட?"

"போன்ல இருக்கு. கேட்டா எழுதிக் குடுக்கும். போன வருசம் கடையில வாங்குன அட்டையில, கடலுக்குப் போறவனுக்குத் திராட்சத்தோட்டத்தப் பத்தி வசனம் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, ஞாபகம் இருக்கா? நம்ம சனத்தோட பாடு கடலு, வலை, ஜெயிலு. அதுக்கு ஏத்தமாதிரி நூத்திப்பத்து வாக்குத்தத்த வசனம் குடுன்னு கேட்டேன். பத்து நிமிசத்துல குடுத்துருச்சு. அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன். கிறிஸ்மஸ் வேலை, நேரமில்ல..."

"படிச்சுப் பாக்கலயா?"

"படிச்சேன். வேதம் மாதிரியே இருந்துச்சு."

"வேதத்தோட வச்சுப் பாத்தீங்களா?"

அவர் அட்டையை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"சனவரி பதினெட்டாந்தேதி இதே எடத்துல வந்து நின்னேன். கையில மனு. கையெழுத்துப் போடவா வேணாமா பாஸ்டர்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"சிஸ்டர்..."

"சொல்லுங்க! இவுக எல்லாரும் கேக்கட்டும்."

"கையை நீட்டாம இருன்னு வாக்கு வந்திருக்கு, மனுசனோட ஒத்தாசையத் தேடாதீங்கன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம மைக்கக் குடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னீங்க. நானும் சொன்னேன். மனுவ ஜெபப்பெட்டியில போட்டுட்டேன், கர்த்தர் பாத்துக்குவாருன்னு சொன்னேன். கைதட்டுனாங்க. உடையப்பன் பொண்டாட்டி அன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டா. அவ புருசன் இன்னைக்கு அஞ்சு விரலோட வந்து நிக்கிறான். எம்புருசனுக்கு வெட்டிட்டாங்க."

சந்தனம் என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பேரைக்கூட இன்னும் மாற்றவில்லை.

ஆரோன் அட்டையைத் திருப்பி நீட்டினார். "தப்புத்தான் சிஸ்டர். வார்த்தை தப்பா இருக்கலாம், ஆனா ஆண்டவர் எதை வச்சும் நம்மள ஆறுதல்படுத்துவாரு. அந்த அட்டை ஒங்களுக்கு அன்னைக்கு எவ்வளவு பெலனா..."

"ஆறுதலா?" ஞானமணி ஓரடி முன்னால் வந்தாள். "நான் ஆறுதல் கேட்டா வந்தேன்? ஆண்டவரு என்ன சொல்றாருன்னு கேட்டு வந்தேன். அவரு பேசாம இருந்திருந்தா பேசலன்னு சொல்லியிருக்கணும். நானே எம்புத்திக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவரு பேரப் போட்டு இன்னொருத்தன் பேச்ச எங்கையில குடுத்துட்டு ஆறுதல்ங்கிறீங்க! வெரலத் திருப்பிக் குடுக்குமா ஒங்க ஆறுதலு?"

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "எந்தப்பும் இருக்கு. முழு வேதம் இங்கிட்டு பத்து வீட்டுல இருக்கு. ஒருத்திகிட்ட வாங்கிப் பாத்திருக்கலாம். அட்டை எனக்குப் பிடிச்சமாதிரி இருந்துச்சு, அதான் பாக்கல."

அப்போது சந்தனம் மாத்திரை டப்பாவைத் திறந்து தன் அட்டையை எடுத்தாள். "அக்கா, எனக்கு யோபு நாப்பத்திநாலுன்னு போட்டிருக்கு. அது இருக்கா?"

பாயில் வேதாகமங்கள் விரிந்தன. பர்ஸிலிருந்து, ஜாக்கெட்டிலிருந்து, போன் கவருக்குள்ளிருந்து அட்டைகள் வந்தன. உபவாச ஜெபம் போய் அங்கே ஒரு விசாரணை நடந்தது. யோபு நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டது. பதினோரு பேரில் நாலு பேருடைய வசனம் வேதத்தில் எங்குமே இல்லை. மூன்று பேருக்கு வசனம் இருந்தது, எண் வேறு. மிச்சம் நாலு சரியாக இருந்தன; அந்த நாலு பேரும் மற்றவர்களைப் பார்க்கக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரியாக இருந்ததுதான் இதில் பெரிய அநியாயம் என்று ஞானமணிக்குப் பட்டது. எல்லாமே பொய்யாக இருந்திருந்தால் சனவரியிலேயே எவளாவது ஒருத்தி கண்டுபிடித்திருப்பாள்.

"இனிமே எத நம்புறதுன்னே தெரியலயே அக்கா" என்று சந்தனம் அழுதாள்.

"மடியில என்ன வச்சிருக்க? அத நம்பு. தொறந்து பாத்துட்டு நம்பு" என்று ஞானமணி எரிந்து விழுந்தாள்.

ஆரோன் ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் பக்குவமாகச் சொல்லி அட்டைகளைத் திரும்ப வாங்குவதாகச் சொன்னார். "பக்குவம் என்ன பக்குவம்? இன்னைக்கே வீடு வீடாப் போயி வாங்குங்க. எத்தன பேரு எத எதப் பண்ணாம ஒக்காந்திருக்காகளோ! இப்ப மொதல்ல பெட்டியத் தொறங்க. மணி மூணாச்சு, அஞ்சு மணிக்குள்ள காகிதம் போகணும்."

ஜெபப்பெட்டியின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுத்தார். ஞானமணி பிடுங்கித் தானே திறந்தாள். சுகர் சீட்டு, ஆஸ்பத்திரி நோட்டு, ஆதார் நகல், படிவம், எல்லாம் அவள் வைத்த மேனிக்கே இருந்தன.

"நான் பைக்குல கொண்டுபோய் விடுறேன் சிஸ்டர்."

அவள் அவரைப் பார்த்தாள். சங்கத்து ஆபீஸ் துறைமுக வாசலில், நடந்தால் அரைமணி நேரம். "வாரேன். நேரமில்ல, அதனால வாரேன். மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

விசைப்படகு சங்கத்தின் செயலாளர் நாகராசு சாப்பிடாமல் காத்திருந்தார். பொட்டலத்தில் மீன்குழம்புச் சோறு பிரிக்காமல் கிடந்தது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்தவர், அவள் முகத்தைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காரு தங்கச்சி. பழைய படிவம் இனி செல்லாது. புதுசா மனு எழுதணும், இங்கிலீசுல. பயப்படாத, அஞ்சு நிமிச வேல." போனை எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டார். "எலியேசர், வயசு நாப்பத்தாறு, ஜெகதாப்பட்டினம், படகு டிரைவரு, சுகர் நோயாளி, கால் விரல எடுத்துட்டாங்க, பொண்டாட்டி மனுக் குடுக்குறா, கோர்ட்டுக்கு இங்கிலீசுல ஒரு மனு எழுது..."

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?"

"ஏஐ தங்கச்சி. டக்குன்னு எழுதிக் குடுத்துரும். உடையப்பன் மனுவும் இதுலதான் எழுதுனோம்."

ஞானமணி வாய்விட்டுச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. வாசலில் நின்றிருந்த ஆரோன் தலையைக் குனிந்துகொண்டார். உடையப்பனை வெளியே கொண்டுவந்ததும் இதுதானா? தன்னைக் கையைக் கட்டி உட்காரவைத்ததும் இதுதானா? போனைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியவேண்டும்போல் இருந்தது. சுவரில் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. அவளுக்கு இங்கிலீசு தெரியாது. நாகராசுக்கு வாசிக்கத் தெரியும், எழுத வராது. மீமிசலுக்குப் போய் ஆள் பிடித்து எழுதி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

"சரி, எழுதட்டும்" என்றாள். "ஆனா அது எழுதுனது எதையும் நான் நம்பமாட்டேன். பாஸ்டர், ஒங்களுக்கு இங்கிலீசு தெரியும்ல? உள்ள வாங்க. இந்தா ஆஸ்பத்திரி நோட்டு, இந்தா ஆதாரு. ஒரு வரி வாசிங்க, தமிழ்ல சொல்லுங்க, காகிதத்தோட வச்சுப் பாருங்க. அப்பறம் அடுத்த வரி."

ஆரோன் உட்கார்ந்தார். வரிவரியாக வாசித்தார். பெயர் சரி. வயது சரி. சுகர் எப்போதிலிருந்து என்பதில் வருஷம் தப்பு. நோட்டைப் பார்த்துத் திருத்தினார். "இடது காலில் இரண்டு விரல்கள்" என்று இருந்தது. "ஒண்ணுதான்" என்றாள் அவள், அது ஒன்றாயிற்று. மேலே வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன?"

"'அவரை நம்பி இரண்டு சிறு பிள்ளைகளும் வயதான தாயாரும் இருக்கிறார்கள்'னு போட்டிருக்கு."

ஞானமணிக்குப் பிள்ளை இல்லை. மாமியார் செத்து ஒன்பது வருஷமாகிறது.

நாகராசுதான் மெல்ல ஆரம்பித்தார். "தங்கச்சி, அது இருந்துட்டுப் போகட்டுமே. ஜட்ஜுக்கு எரக்கம் வரும். அங்க வந்து யாரு எண்ணப் போறா?"

"அந்த வரிய அடிச்சுருங்கண்ணே."

"ஒம்புருசன் வெளிய வரணும்ல?"

"வரணும். எனக்கில்லாத புள்ளைகளச் சொல்லி வரவேணாம். இப்பத்தான் ஒரு பொய்யிலேருந்து எந்திரிச்சு வாரேன். அவருக்குப் போன வெரலு நெசம், சுகர் நெசம், அத மட்டும் சொல்லுங்க. அது போதாதுன்னா அந்தக் கோர்ட்டு என்ன கோர்ட்டு?"

ஆரோன் அந்த வரியை அழித்தார். பிறகு யாரும் சொல்லாமலே தலைப்பிலிருந்து தொடங்கி மறுபடி ஒருமுறை காகிதங்களோடு ஒத்துப் பார்த்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. படகு எண்ணில் ஒரு எழுத்துத் தவறியிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தார். "இதத்தான் சிஸ்டர் நான் டிசம்பர்லயே..." என்று தொடங்கினார்.

"ஆமா. இதத்தான்" என்றாள் அவள். அதற்கு மேல் எதையும் அவருக்குக் கொடுக்க அவளிடம் இல்லை.

நாலரை மணிக்கு மனு பிரிண்டாகி வந்தது. வெடித்த விரலால் பேனாவை இறுக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் இறால் வாடையோடு ஈரம் படிந்தது. நாகராசு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். வக்கீலிடமிருந்து கிடைத்தது என்று பதில் வந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

"வக்கீலு காலைல அவரப் பாப்பாரு. ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லு தங்கச்சி. போன்லயே போட்டா நல்லா அழகா எழுதிக் குடுக்கும்."

"வேணாம்ணே. ஒரு தாளு குடுங்க."

அவளே எழுதினாள். எழுதிப் பழக்கமில்லாத கை. ஒவ்வொரு வரியும் மேலே ஏறி ஏறி இறங்கியது.

"உங்கள் புத்தகத்தில் ஏடு எதுவும் போகவில்லை. நாகூம் மூணு அதிகாரம்தான். நாலாவது என்று நான் சொன்னது வேதத்தில் இல்லை. தேடிப் பார்க்காமல் அதை நம்பி உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் காகிதம் வரவில்லை. வேறு காரணம் இல்லை. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டேன். மனு போய்விட்டது. புத்தகம் என்னிடம் இருக்கிறது."

அதற்குக் கீழே, கை தானாகவே, 'சீக்கிரம் வந்துவிடுவீர்கள்' என்று எழுதிவிட்டது.

ஞானமணி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பேனாவை அழுத்தி, ஒரு எழுத்தும் தெரியாதபடி, அதை அடித்தாள். தாளை நாகராசுவிடம் கொடுத்துவிட்டு, கூடையில் பாதியில் விட்ட இறாலைக் கிள்ளி முடிக்கக் கொட்டகைக்கு நடந்தே போனாள்.